மாஃப் துளைக்குள் விருந்தினர் மூலக்கூறு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

கேள்வி இதுதான். மாஃப் எனப்படும் உலோக-கரிமச் சட்டகங்களின் உட்சுவரில் அமீன் (நைட்ரஜன் உள்ள தொகுதி) போன்ற ஒரு வினைச்செயல் தொகுதியைப் பொருத்தினால், கார்பன் டை ஆக்சைடு போன்ற விருந்தினர் மூலக்கூறு அதில் போய்ப் பிணைந்துகொள்கிறது என்று அறிமுகக் கட்டுரைகள் சொல்கின்றன. அது எப்படிப்பட்ட பிணைப்பு? உண்மையான வேதிப் பிணைப்பா, வெறும் ஒட்டுதலா? தொகுதியின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால் பொருள் இன்னும் நன்றாக வேலை செய்யுமா?

பெரும்பாலான மாஃப்களில் அந்தத் தொகுதி தனியாக எதையும் பிடிப்பதில்லை. துளையின் அகலம், தொகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பக்கத்தில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் மூலக்கூறு என எல்லாம் சேர்ந்துதான் பிடிக்கின்றன. சில மாஃப்களில் மட்டும் உண்மையான வேதிவினை நடக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "அமீன் வைத்தேன், ஆனாலும் கவர்தல் (துளை வாயுவைப் பிடித்து வைக்கும் அளவு) கூடவில்லையே" என்ற புலம்பல் அடிக்கடி கேட்கிறது.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடலாம். உலோக அயனிகளோ உலோக-ஆக்சைடு கொத்துகளோ முடிச்சுகளாக இருக்க, கார்பாக்சிலேட், ட்ரையசோலேட் போன்ற கரிம ஈனிகள் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள்) அவற்றை இணைக்க, முப்பரிமாணத்தில் வளரும் படிகம்தான் மாஃப். ரிச்சர்ட் ராப்சன், சுசுமு கிடகாவா, ஒமர் யாகி மூவரும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். படிகம் வளரும்போது துளைகளில் கரைப்பான் நிரம்பியிருக்கும். சூடாக்கியும் வெற்றிடத்தில் வைத்தும் அதை வெளியேற்றினால் இடம் காலியாகும். கிளர்வூட்டிய கரியிலும் துளைகள் உண்டு, ஆனால் அவை பல அளவுகளில் ஒழுங்கில்லாமல் கிடக்கும். மாஃபில் துளைகள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதால், விருந்தினர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் நேராகவே பார்க்க முடிகிறது. இந்தத் துறைக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதி இதுதான் என்பேன்.

இனி விசைகள். எந்த மூலக்கூறும் எந்தச் சுவரையும் நெருங்கினால் சிதறல் விசை, அதாவது வாண்டர் வால்ஸ் ஈர்ப்பின் முக்கியப் பகுதி, வேலை செய்யும். ஒரு அணுவுக்கும் ஒரு அணுவுக்கும் இடையே பார்த்தால் இது அற்பம். ஆனால் கூட்டிப் பார்த்தால் அற்பமல்ல. கார்பன் டை ஆக்சைடின் இயக்க விட்டம், அதாவது துளைக்குள் நுழையும்போது கணக்கில் கொள்ளும் அதன் அகலம், 3.3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). 1999-இல் வெளியான மாஃப்-5-இல் துளைகள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல். அங்கே போகும் மூலக்கூறு ஒரு சுவரைத்தான் தொட முடியும், மற்ற பக்கமெல்லாம் வெட்டவெளி. துளை 4 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்கினால் அதே மூலக்கூறு எல்லாப் பக்கமும் சுவரைத் தொடுகிறது. எந்தத் தொகுதியையும் சேர்க்காமலே பிணைப்பு வெப்பம், அதாவது மூலக்கூறு ஒட்டும்போது வெளியாகும் வெப்பம், ஏறிவிடுகிறது.

அடுத்தது மின்னூட்டப் பரவல். கார்பன் டை ஆக்சைடுக்கு நிகர இருமுனைத் திருப்புத்திறன் கிடையாது. ஆனால் நடுவில் இருக்கும் கார்பன் கொஞ்சம் நேர்மின்னாகவும், இரு முனையிலும் இருக்கும் ஆக்சிஜன்கள் கொஞ்சம் எதிர்மின்னாகவும் இருக்கின்றன. இதை நான்முனைத் திருப்புத்திறன் என்கிறோம். நைட்ரஜனுடைய நான்முனைத் திருப்புத்திறன் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. துளைச் சுவரில் முனைவுள்ள தொகுதி எதை வைத்தாலும் நைட்ரஜனைவிடக் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகக் கவரப்படுவதற்குக் காரணம் இதுதான். தொகுதியின் எதிர்மின் பகுதி கார்பனைத் தேடும், நேர்மின் பகுதி ஆக்சிஜனைத் தேடும். ஒரு மூலக்கூறின் ஆக்சிஜன் இன்னொரு மூலக்கூறின் கார்பனையும் தேடும் என்பதை மறந்துவிடக் கூடாது. உறைந்த கார்பன் டை ஆக்சைடான உலர் பனிக்கட்டி கெட்டியாக நிற்பதில் இந்த ஈர்ப்புக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டிய வேலை ஒன்று உண்டு. 2010-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசுவின் குழுவில் ராமநாதன் வைத்தியநாதனும் மற்றவர்களும் செய்தது. துத்தநாகம், அமினோட்ரையசோலேட், ஆக்சலேட் மூன்றும் சேர்ந்த மாஃப். உள்ளே கார்பன் டை ஆக்சைடை ஏற்றி, அது உட்கார்ந்த இடத்தைப் படிகவியல் மூலமாகவே கண்டார்கள். துளைக்குள் இரு வகை இடங்கள் தெரிந்தன. ஒன்று அமீனுக்கு அருகில், இன்னொன்று ஆக்சலேட்டின் ஆக்சிஜன்களுக்கு அருகில். முதல் வகை மூலக்கூறின் கார்பன் அமீனின் நைட்ரஜனிலிருந்து 3.15 ஆங்ஸ்ட்ராம் அளவு தூரத்தில் இருந்தது. கார்பன்-நைட்ரஜன் சகப்பிணைப்பு உருவாகியிருந்தால் அந்தத் தூரம் 1.4 ஆங்ஸ்ட்ராம் அளவில்தான் இருக்கும். ஆக இங்கே வேதிப் பிணைப்பு கிடையாது. அமீன் இருந்தும் கார்பமேட் (அமீனும் கார்பன் டை ஆக்சைடும் வினைபுரிந்தால் கிடைக்கும் சேர்மம்) உருவாகவில்லை.

அந்த அமீன் எப்படித் திரும்பியிருந்தது என்பது இன்னும் சுவாரசியம். அதன் இரு ஹைட்ரஜன்களும் ஆக்சலேட் ஆக்சிஜன்களோடு ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டிக்கொண்டிருந்தன. அதனால் நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டை துளையின் உட்பக்கம் நோக்கி நின்றது. வந்த மூலக்கூறின் கார்பன் அந்த இரட்டைக்கு நேராக வந்து உட்கார்ந்தது. அமீன் சுதந்திரமாகச் சுழன்றிருந்தால் இந்த அமைப்பு கிடைத்திருக்காது. இரண்டு இடங்களிலும் இருந்த கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தன. பொருத்தமான துளை அளவு, அமீன் தொகுதி, விருந்தினர்கள் தமக்குள் காட்டும் ஒத்துழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் குறைந்த அழுத்தத்திலேயே நல்ல கவர்தலைத் தருகின்றன என்று முடித்தார்கள். பிணைப்பு வெப்பம் மோலுக்கு 40 கிலோஜூல் அளவு.

அதே குழுவின் கால்ஃப்-20 என்ற மாஃப் பற்றிய கட்டுரை 2021-இல் வந்தது. அதுவும் துத்தநாகம், ட்ரையசோலேட், ஆக்சலேட் கொண்டதுதான். ஆனால் ட்ரையசோலில் அமீன் இல்லை. கார்பன் டை ஆக்சைடு எந்தத் தொகுதியையும் தேடிப் போகாமல் துளையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. பிணைப்பு வெப்பம் எவ்வளவு தெரியுமா? மோலுக்குச் சுமார் 39 கிலோஜூல். அமீனை எடுத்துவிட்ட பிறகும் எண் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது! இரண்டும் அச்சுப் பிசகாத ஒரே அமைப்பு அல்ல, எனவே கண்ணை மூடிக்கொண்டு கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் துளையின் பொருத்தம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கூடுதல் லாபமும் உண்டு. ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை கால்ஃப்-20 தண்ணீரைவிடக் கார்பன் டை ஆக்சைடையே விரும்புகிறது. முனைவுள்ள தொகுதிகளை உள்ளே அடுக்கிவைத்திருந்தால் முதலில் வந்து உட்காருவது தண்ணீராகத்தான் இருந்திருக்கும்.

அமீன் என்ற பெயரைப் பார்த்ததும் தொழிற்சாலைகளில் புகை வாயுவைக் கழுவும் மோனோஎத்தனால் அமீன் நினைவுக்கு வருவது இயல்பு. அது கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து கார்பமேட் தரும். ஆனால் மாஃப்களில் வழக்கமாகக் காண்பது அமினோடெரிஃப்தாலேட் ஈனி. ஐஆர்மாஃப்-3, அமினோ யுஐஓ-66, அமினோ மில்-53 எல்லாம் இந்த வகை. இதில் அமீன் பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டியிருக்கிறது, அதாவது அனிலீன் வகை. நைட்ரஜனின் எலக்ட்ரான் இரட்டை வளையத்துக்குள் பகிரப்பட்டுவிடுவதால் காரத்தன்மை படுத்துவிடும். அனிலீனின் இணை அமிலத்துக்குப் பிகேஏ (இந்த எண் கூடினால் காரம் வலுவானது, ஒவ்வொரு எண்ணுக்கும் 10 மடங்கு) 4.6, மெத்தில் அமீனுக்கு 10.6. அதாவது காரத்தன்மையில் 10 லட்சம் மடங்கு வித்தியாசம். இப்படிப்பட்ட அமீனிடம் கார்பமேட்டை எதிர்பார்ப்பது வீண். அது தருவது சிறிய இருமுனையும், துளையில் கொஞ்சம் அடைப்பும்தான்.

அமினோ மில்-53 விஷயத்தில் இது இன்னும் விசித்திரமாகப் போனது. அலுமினிய மில்-53 விரிந்து சுருங்கும் சட்டகம். அமீன் சேர்த்த பிறகு கார்பன் டை ஆக்சைடை மீத்தேனிலிருந்து பிரிக்கும் திறன் வெகுவாகக் கூடியது. அமீன் அதைப் பிடிக்கிறது என்று முதலில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் நிறமாலை ஆய்வுகளையும் கணக்கீடுகளையும் வைத்துப் பார்த்தபோது அமீன் நேரடியாகப் பிடிப்பதாகத் தெரியவில்லை. சட்டகம் சுருங்கிய நிலையில் நிற்பதற்கு அமீன் உதவுகிறது, அந்தச் சுருங்கிய துளையில் மீத்தேனுக்கு இடமில்லை, அவ்வளவுதான். ஒரு தொகுதி தன் வேலையை விருந்தினரைத் தொடாமலே செய்யலாம்.

உண்மையாகவே வேதிவினை நடக்கும் மாஃபைப் பார்க்க வேண்டுமானால் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங் குழு உருவாக்கியவற்றுக்குப் போக வேண்டும். சுமார் 18 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள அறுகோணக் கால்வாய்களைக் கொண்ட மெக்னீசியச் சட்டகம் ஒன்று. கால்வாய்ச் சுவரில் வரிசையாக மெக்னீசியம் அணுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காலி இடம். அந்த இடத்தில் எத்திலீன் டை அமீன் வகையைச் சேர்ந்த ஒரு டை அமீனின் ஒரு முனையை அணைவுப் பிணைப்பால் பொருத்துகிறார்கள். மறுமுனை கால்வாய்க்குள் தொங்கும். இது அல்கைல் அமீன், அனிலீன் மாதிரி சாதுவானது அல்ல.

கார்பன் டை ஆக்சைடு தொங்கும் முனையில்தான் வினைபுரியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது வேறு. மெக்னீசியம்-நைட்ரஜன் பிணைப்பு விடுபட, கார்பன் டை ஆக்சைடு அந்த இடைவெளிக்குள் நுழைகிறது. கார்பன் நைட்ரஜனோடு சேர்ந்து கார்பமேட் ஆகிறது, அதன் ஒரு ஆக்சிஜன் மெக்னீசியத்தைப் பற்றிக்கொள்கிறது. வெளியேறும் புரோட்டான் பக்கத்து டை அமீனின் தொங்கும் முனைக்குப் போய் அமோனியம் ஆகிறது. இந்த அமோனியமும் கார்பமேட்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் பக்கத்து மெக்னீசியம்-நைட்ரஜன் பிணைப்பு தளர்கிறது. அடுத்த மூலக்கூறுக்கு நுழைவது எளிதாகிறது. முதல் நுழைவுதான் கஷ்டம், அப்புறம் கால்வாய் நெடுகச் சங்கிலித்தொடராக நடந்துவிடுகிறது.

இதன் விளைவைச் சமவெப்பக் கோட்டில், அதாவது ஒரே வெப்பநிலையில் அழுத்தத்தோடு கவர்தல் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோட்டில், பார்க்கலாம். வழக்கமான மாஃபில் அழுத்தம் ஏற ஏறக் கவர்தல் வளைந்து வளைந்து ஏறும். இங்கே ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது, அதைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறும். வெப்பநிலையை மாற்றினால் அந்தப் படி வேறு அழுத்தத்துக்கு நகரும். பிணைப்பு வெப்பம் மோலுக்கு 70 கிலோஜூல் அளவில் இருந்தும், சிறிய வெப்பநிலை மாற்றத்திலேயே உள்ளே போனதில் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடலாம். மெக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு, இரும்பு, துத்தநாகம், கோபால்ட் என்று மாற்றினாலும் படி இடம் மாறுகிறது. ஏனென்றால் உடைய வேண்டியது உலோகம்-நைட்ரஜன் பிணைப்பு. வினைச்செயல் தொகுதி என்று நாம் பார்த்தது அமீனை, ஆனால் எந்த அழுத்தத்தில் வேலை தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் உலோகத்துக்கும் பெரிய பங்கு.

உலோகம் நேரடியாகவே விருந்தினரைப் பிடிப்பதும் உண்டு. ஹாங்காங்கில் 1999-இல் உருவான எச்கஸ்ட்-1-இல் ஒவ்வொரு தாமிரத்தின் மீதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும். வெற்றிடத்தில் சூடாக்கினால் அது போய்விடும், படிகத்தின் இளநீலம் கருநீலமாக மாறும். காற்றில் திறந்து வைத்தால் பழைய நிறத்துக்கே திரும்பும். தாமிரத்தின் காலி இடம் மறுபடி நிரம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெக்னீசிய மாஃப்-74-இல் இப்படிக் காலியான மெக்னீசியத்தில் கார்பன் டை ஆக்சைடு தன் ஒரு ஆக்சிஜனால் சாய்வாக ஒட்டுகிறது, வெப்பம் மோலுக்கு 40 கிலோஜூலுக்கும் மேல். காய்ந்த வாயுவில் பிரமாதம். ஆனால் தண்ணீர் இதைவிட வலுவாக அங்கேயே ஒட்டும் என்பதால் ஈரமான வாயுவில் கதை கந்தல். இரும்பு மாஃப்-74-இல் எத்திலீன் தன் பை எலக்ட்ரான்களால் பக்கவாட்டில் ஒட்டுகிறது, ஈத்தேனால் அது முடியாது, அதை வைத்து இரண்டையும் பிரிக்கலாம்.

ஒரே தொகுதி வெவ்வேறு விருந்தினரிடம் வேறு முகம் காட்டுவதற்கு சிஃப்சிக்ஸ் குடும்பம் நல்ல உதாரணம். இவற்றில் ஹெக்சாஃபுளூரோசிலிகேட் அயனிகள் தூண்களாக நிற்கும், அவற்றின் ஃபுளூரின்கள் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். துத்தநாகம் கொண்ட சிஃப்சிக்ஸ்-3-இல் துளை 3.84 ஆங்ஸ்ட்ராம்தான். உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடின் நேர்மின் கார்பனைச் சுற்றிலும் ஃபுளூரின்கள் சூழ்கின்றன. வெப்பம் மோலுக்குச் சுமார் 45 கிலோஜூல், துளை நிறைய நிறைய அது பெரிதாகக் குறைவதும் இல்லை, ஏனென்றால் எல்லா இடமும் ஒரே மாதிரி. இதே குடும்பத்தின் சிஃப்சிக்ஸ்-2 வகை ஒன்றில் அசிட்டிலீன் வந்தால் அதன் இரு முனைகளிலும் இருக்கும் அமிலத்தன்மையுள்ள ஹைட்ரஜன்கள் எதிரெதிர் ஃபுளூரின்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கின்றன. எத்திலீனின் ஹைட்ரஜன்களுக்கு அந்த அமிலத்தன்மை போதாது. எத்திலீனிலிருந்து கொஞ்சநஞ்ச அசிட்டிலீனை நீக்க 2016-இல் இது பயன்பட்டது.

சரி, வலிமையைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. அறை வெப்பநிலையில் பிணைப்பின் கட்டிலா ஆற்றல் (பிணைவது எவ்வளவு சாதகமானது என்பதன் அளவு) மோலுக்கு 5.7 கிலோஜூல் மாறினால் சமநிலை மாறிலி 10 மடங்கு மாறும். அதனால் சின்னச் சின்ன மாற்றமே பெரிய வித்தியாசம் தரும், நல்லதற்கும் கெட்டதற்கும். உள்ளே போன வாயுவை வெளியே எடுக்கும்போது அந்த ஆற்றலை நாம்தான் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜனை அறை வெப்பநிலையில் சேமித்து, அழுத்தம் குறைத்து எடுக்க வேண்டுமானால் மோலுக்கு 15 கிலோஜூல் அளவு உகந்தது என்று 2006-இல் பாட்டியாவும் மையர்ஸும் கணக்கிட்டார்கள். பெரும்பாலான மாஃப்கள் அதற்குக் கீழேயே நிற்கின்றன, அங்கே வலிமையைக் கூட்டத்தான் வேண்டும். இரும்பு மாஃப்-74 ஆக்சிஜனிடம் மாட்டிக்கொள்வது எதிர்ப்பக்கம்: குளிரில் மீளத்தக்க விதத்தில் பிணையும், அறை வெப்பநிலையில் பெராக்சைடாகி மீளாமல் தங்கிவிடும்.

தண்ணீரில் இந்தச் சமாச்சாரம் ரொம்ப நுட்பமானது. காற்றிலிருந்து ஈரம் எடுக்கும் மாஃப்-303 என்ற அலுமினியச் சட்டகத்தில் முதலில் வரும் தண்ணீர் மூலக்கூறுகள் பைரசோல் வளையத்தின் நைட்ரஜன்களையும் அலுமினியங்களுக்கு இடையிலான ஹைட்ராக்சில்களையும் பிடிக்கின்றன. பிறகு வருபவை அந்த முதல் மூலக்கூறுகளைப் பிடித்துக் கொத்தாகி, சங்கிலியாகி, கடைசியில் துளை முழுவதும் வலைப்பின்னலாகின்றன. முதலில் உட்கார்ந்தவை ரொம்பக் கெட்டி, அவற்றை வெளியேற்ற அதிகச் சூடு வேண்டும். அதற்காகப் பைரசோலில் ஒரு பகுதியை ஃபியூரானாக மாற்றி, அந்த முதல் இடங்களை வேண்டுமென்றே பலவீனப்படுத்தியிருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு: துளைக்குள் செய்த மாற்றம் பிடிமானத்தைத் தளர்த்துவதற்காக!

ஒரு கட்டுரை "எங்கள் தொகுதி பிணைக்கிறது" என்று சொன்னால் நம்பலாமா என்று பார்க்க, வெப்பம் ஒரே எண்ணாக இருந்தால் போதாது. கவர்ந்த அளவு கூடக் கூட அது எப்படி மாறுகிறது என்ற கோடு வேண்டும். தொடக்கத்தில் உயர்ந்து சட்டென விழுந்தால் வலுவான இடங்கள் கொஞ்சம்தான், சில சமயம் அவை படிகக் குறைபாடுகளாகவும் இருக்கலாம். யுஐஓ-66-இல் ஈனி விடுபட்ட இடங்கள் பெயர்போனவை. கோடு சமமாக ஓடினால் எல்லா இடமும் ஒன்றுபோல. மேலே ஏறினால் விருந்தினர்கள் தமக்குள் பிடித்துக்கொள்கிறார்கள். அகச்சிவப்பு நிறமாலையில் கார்பன் டை ஆக்சைடின் 2349 செ.மீ.⁻¹ பட்டை சற்றே நகர்ந்து நின்றால் அது பௌதிக ஒட்டுதல். கார்பமேட்டுக்கு உரிய புதிய பட்டைகள் தோன்றினால்தான் வேதிவினை. ஹைட்ரஜன் அணுக்களின் இடம் முக்கியமானால் எக்ஸ்-கதிர் போதாது, நியூட்ரான் விளிம்பு விளைவு வேண்டும். கணக்கீடு செய்திருந்தால் சிதறல் விசைத் திருத்தம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் அந்த எண்ணை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்களே பரிசோதனை செய்வதாக இருந்தால், அமீன் உள்ள ஈனியோடு மட்டும் நிற்காமல், அதே இடத்தில் மெத்தில் தொகுதி உள்ள ஈனியிலும் அதே சட்டகத்தை உருவாக்கி, இரண்டையும் ஒரே மாதிரி கரைப்பான் நீக்கி அளந்து பாருங்கள். மெத்திலும் அமீனும் அடைக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். மெத்தில் வைத்த படிகமும் அதே வெப்பத்தைக் காட்டினால், உங்கள் அமீன் செய்தது துளையைச் சுருக்கியது மட்டும்தான்.